நம் உடம்பின் மூட்டுகள்: எது எந்தப் பக்கம் மடங்கும்?



காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார். இன்னொருவர் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பார். ஒரு அக்கா கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுவார். "என்ன செய்யுது?" என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "மூட்டு வலிங்க ஐயா."

மூட்டு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் எல்லா மூட்டும் ஒரே மாதிரி அல்ல. முழங்கால் ஒரு வகை, தோள் இன்னொரு வகை, கழுத்து வேறொரு வகை. ஒவ்வொன்றுக்கும் அசையும் திசை உண்டு, அளவும் உண்டு. அது தெரியாமல் நடப்பதால்தான் பல நோவுகள் வருகின்றன. வந்த நோவும் பெரிதாகின்றது.

நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவருக்கு வலது தோளில் வலி வந்தது. "சொன்னா பேர் போயிரும்" என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. தைலம் போட்டார். வலிக்கிறதே என்று கையை உயர்த்துவதைக் குறைத்தார். வீட்டிலே தலை சீவும் வேலையைக்கூட மகள்தான் செய்தாள். நாலு மாதம் கழித்து அவர் டிஸ்பென்சரிக்கு வந்தபோது கை தோள் உயரத்துக்கு மேல் போகவே இல்லை. முதல் வாரமே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அந்த அக்காவின் கதையைக் கடைசியில் முடிக்கிறோம். அதற்கு முன் மூட்டு என்றால் என்னவென்று பார்ப்போம்.

மூட்டு என்றால் என்ன?

வளர்ந்த ஒருவரின் உடம்பில் 206 எலும்புகள் இருக்கின்றன. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை "என்பு" என்று எழுதியிருக்கும். எலும்பு வளையாது. வளைவது, திரும்புவது, சுழல்வது எல்லாம் ஒரு எலும்பும் இன்னொரு எலும்பும் சந்திக்கும் இடத்தில்தான். அந்த இடமே மூட்டு.

நன்றாக அசையும் மூட்டின் உள்ளே நாலு சாமான்கள் உண்டு.

முதலாவது, எலும்பு நுனியை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு. எலும்போடு எலும்பு உரசாமல் காப்பது இதுதான்.

இரண்டாவது, மூட்டைச் சுற்றியுள்ள ஒரு பை. அதன் உள்ளே முட்டை வெள்ளைக்கரு மாதிரிக் கொஞ்சம் நீர் இருக்கும். ஸ்டோரில் மெசினுக்கு எண்ணெய் விடுவதுபோல் இந்த நீர் மூட்டுக்கு எண்ணெய்.

மூன்றாவது, எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டும் உறுதியான நார்கள். மூட்டு போகக்கூடாத பக்கம் போகாமல் தடுப்பவை இவைதான். சுளுக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நார் இழுபட்டு அல்லது கிழிபட்டுப் போவதுதான்.

நாலாவது, தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் கையை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொரு தசை என்று எப்போதும் சோடியாக வேலை செய்கின்றன.

ஒரு முக்கியமான சங்கதி. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது அது பஞ்சு போல அமுங்கி விரிந்து, மூட்டு நீரிலிருந்துதான் தன் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறது. ஆகவே அளவாக அசையும் மூட்டு நல்லா இருக்கும். அசைக்காமலே வைத்த மூட்டு இறுகிப்போகும். ஓய்வு கொடுக்காமல் ஒரே விதமாகப் பாரம் ஏற்றிய மூட்டு தேயும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் சுலபமாக விளங்கும்.

நெட்டி முறித்தால் மூட்டு தேயுமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் சத்தம் மூட்டு நீருக்குள் காற்றுக் குமிழி உண்டாவதால் வருவது. அதனால் வாதம் வராது. ஆனால் சத்தத்தோடு வலியோ வீக்கமோ இருந்தால் அது வேறு விஷயம். காட்ட வேண்டும்.

அசையாத மூட்டும் கொஞ்சமாக அசையும் மூட்டும்

மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. பல எலும்புகள் தையல் போட்டது போலச் சேர்ந்தது. பெரியவர்களுக்கு அந்த மூட்டு அசையாது. மூளையைக் காக்கும் பெட்டி அசையலாமா?

பிறந்த பிள்ளைக்கு மட்டும் அந்தத் தையல் இன்னும் முடிந்திருக்காது. பிரசவ நேரத்தில் தலை கொஞ்சம் ஒடுங்கி வெளியே வருவதற்கும், பிறகு மூளை வளர்வதற்கும் அந்த இடைவெளி வேண்டும். முன்பக்க உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதளவில் மூடிவிடும். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்து உச்சிக்குழி உள்ளே போயிருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம். காய்ச்சலோடு உச்சிக்குழி மேலே புடைத்திருந்தால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கொஞ்சமாக அசையும் மூட்டு முதுகெலும்பில் இருக்கிறது. அடுக்கி வைத்த எலும்புகளுக்கு இடையில் குருத்தெலும்பால் ஆன தட்டுகள் உண்டு. ஒவ்வொரு தட்டும் கொஞ்சம்தான் அசையும். எல்லாம் சேர்ந்துதான் முதுகு வில்லாக வளைகிறது. குனிந்தபடியே பாரம் தூக்கினால் தட்டின் முன்பக்கம் நசுங்கி, உள்ளே உள்ளது பின்பக்கம் பிதுங்கப் பார்க்கும். அது நரம்பில் பட்டால் வலி காலுக்கு இறங்கும்.

50 கிலோ உர மூட்டையைத் தனி ஆளாகத் தூக்கி வீரம் காட்ட வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள். தூக்கும்போது முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, பாரத்தை நெஞ்சோடு அணைத்து எழும்புங்கள். பாரத்தோடு இடுப்பை முறுக்கக் கூடாது. திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை எடுத்து வைத்து முழு உடம்போடு திரும்புங்கள்.

இடுப்பின் முன்பக்கத்திலும் இப்படி ஒரு மூட்டு இருக்கிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கு நார்கள் இளகி அந்த மூட்டு கொஞ்சம் விரிந்து கொடுக்கும். பிரசவத்துக்கான இயற்கையின் ஏற்பாடு அது. ஆனால் அந்த மாதங்களில் எல்லா மூட்டுமே சுலபமாகச் சுளுக்கும். ஆகவே பிள்ளைத்தாய்ச்சிகள் செங்குத்து மலைக்குப் போவதும் பாரம் தூக்குவதும் நல்லதல்ல. கர்ப்பம் என்று தெரிந்தவுடன் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து, பாரமில்லாத வேலை கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பிணைச்சல் மூட்டு: கதவு போல

கதவுப் பிணைச்சலைப் பாருங்கள். திறக்கும், மூடும். மேலே கீழே போகாது. நமது முழங்கை, முழங்கால், விரல் கணுக்கள் எல்லாம் இந்த வகை. ஒரு திசையில் மடங்கும், அதே வழியில் நீளும். அவ்வளவுதான்.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறிக்கும்போது விரல்கள் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை மடங்கி நீளுகின்றன என்று நினைத்துப் பாருங்கள். பெருவிரல் தவிர ஒவ்வொரு விரலிலும் மூன்று எலும்புகள். பெருவிரலில் இரண்டு. சிலருக்கு விரல் மடங்கியபின் நீளாமல் சிக்கிக்கொண்டு, பிறகு "டக்" என்று நிமிரும். தசைநாண் அதன் உறைக்குள் தடித்துவிட்டது என்று அர்த்தம். ஆரம்பத்தில் வந்தால் ஓய்வும் மருந்துமே போதும்.

முழங்கால்தான் உடம்பிலேயே மிகப் பெரிய மூட்டு. தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடத்தின் முன்னால் முழங்கால் சிரட்டை காவல் நிற்கிறது. உள்ளே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் மெத்தையாக இருக்கின்றன. மடக்கி நீட்டுவதுதான் இதன் வேலை. மடக்கியிருக்கும்போது மட்டும் மிகக் கொஞ்சம் திரும்பும். பாதம் தேயிலை வேரில் சிக்கியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் பிணைச்சல் முறுக்குப்படும். அப்போதுதான் உள்ளே தட்டும் நாரும் கிழிகின்றன. "கால் மடங்கிப்போச்சு, முட்டி வீங்கிப்போச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

இறக்கம் இறங்கும்போது முழங்காலில் விழும் பாரம் அதிகம். படி இறங்கும்போது உடம்பு எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பாரம் அதில் ஏறும். முதுகில் கொழுந்துக் கூடையும் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே கூடையோடு நேராகக் குதித்து இறங்காமல், கொஞ்சம் சரிவாகச் சின்ன அடி வைத்து இறங்குங்கள். பிடி தேய்ந்த சப்பாத்தைப் போடாதீர்கள்.

பந்துக்கிண்ண மூட்டு: எல்லாப் பக்கமும்

ஒரு கிண்ணத்துக்குள் பந்தை வைத்தால் எல்லாப் பக்கமும் உருளும். தோளும் இடுப்பும் இந்த வகை. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

இடுப்பில் கிண்ணம் ஆழமானது. சிரட்டைக்குள் வைத்த பந்து போல. உடம்பின் முழுப் பாரத்தையும் தாங்குவதால் உறுதிதான் முக்கியம். தோளில் கிண்ணம் ஆழமில்லாதது. தேத்தண்ணிக் கோப்பையின் சோசர்மேல் வைத்த பந்து போல. அதனால் உடம்பிலேயே அதிகமாக அசையும் மூட்டு தோள்தான். கழன்றுபோகும் பெரிய மூட்டுகளில் முதல் இடமும் அதற்குத்தான். சுதந்திரம் கூடினால் பாதுகாப்பு குறைகிறது.

நமது பெண்கள் கொழுந்தைக் கைநிறையப் பறித்து, தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் போடுகிறார்கள். கை முன்னால் நீண்டு, மேலே உயர்ந்து, பின்னால் வளைகிறது. பிணைச்சல் மூட்டால் இதைச் செய்ய முடியாது. பந்துக்கிண்ணம் இருப்பதால்தான் முடிகிறது. ஆனால் அந்தப் பந்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது நாலு சின்னத் தசைகளும் அவற்றின் நாண்களும்தான். நாள் முழுக்க ஒரே கையால் வீசினால் அவை களைத்துப் புண்படும். முடிந்தவரை இரண்டு கையாலும் பறித்து, இரண்டு தோளாலும் மாறி மாறிப் போடப் பழகுங்கள்.

நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடையில், பெண்களுக்குக் கூடுதலாக, தோள் உறைந்துபோகும் ஒரு நோய் வருகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல மெல்லத் தளர்வு. முழுவதும் சரியாக ஒரு வருஷமோ அதற்கு மேலோ எடுக்கலாம். வலிக்கிறது என்று கையை அசைக்காமல் கட்டிப்போட்டு வைப்பதுதான் இதில் செய்யும் பெரிய தவறு.

வயதானவர்கள் ஈரமான வாசலில் விழுந்தால் இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில் தொடை எலும்பு முறியும் ஆபத்து உண்டு. விழுந்தவரின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அது எலும்பு முறிவுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கி நிறுத்தாதீர்கள், எண்ணெய் போட்டு இழுக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இடுப்புப் பந்தையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டுச் செயற்கையாகப் பொருத்தும் சத்திர சிகிச்சையை 1962இல் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்ற டொக்டர் வெற்றிகரமாகச் செய்துகாட்டினார். ஆகவே "விழுந்தா அவ்வளவுதான், படுக்கைதான்" என்று கைவிட வேண்டியதில்லை.

சுழல் மூட்டு: கழுத்தும் முன்கையும்

"ஆமாம்" என்று தலையாட்டுவதும் "இல்லை" என்று தலையாட்டுவதும் ஒரே மூட்டில் நடப்பதில்லை. மண்டை ஓடும் கழுத்தின் முதல் எலும்பும் சேரும் இடத்தில் "ஆமாம்" நடக்கிறது. முதல் எலும்பு வளையம் போன்றது. இரண்டாம் எலும்பில் முளை போல ஒரு பாகம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முளையைச் சுற்றி வளையம் திரும்பும்போது "இல்லை" நடக்கிறது. இதுதான் சுழல் மூட்டு.

தலை மட்டுமே நாலைந்து கிலோ எடை. கழுத்தில் இருப்பது ஏழு சின்ன எலும்புகள். அதன்மேல் கயிற்றால் கூடைப் பாரமும் ஏறுகிறது. பாரத்தோடு கழுத்தைச் சட்டென்று திருப்பினால் சுழல் மூட்டும் அதன் நார்களும் நோகும். யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புங்கள். கயிற்றுக்கு அடியில் மடித்த துணி வையுங்கள். நிறுவைக்கு வரும்போது கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே கதை பேச வேண்டாம்.

இன்னொரு சுழல் மூட்டு முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்கையில் இரண்டு எலும்புகள். உள்ளங்கையை மேலே காட்டிப் பிறகு கீழே கவிழ்த்துப் பாருங்கள். ஒரு எலும்பு மற்றதன்மேல் சுழல்கிறது. பீலியில் துணி பிழிவதும் கதவுப் பூட்டில் திறப்பைத் திருப்புவதும் இதனால்தான்.

தாய்மார் இதைக் கவனமாகக் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மூட்டின் நார்ப்பட்டி இறுக்கமாக இராது. காலையில் பெரட்டுக்கு நேரமாகிறது என்று பிள்ளையை ஒரு கையில் பிடித்து வெடுக்கென்று இழுத்து, அல்லது ஒரு கையால் தூக்கிப் படி ஏற்றி, பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுகிறோம். அந்த ஒரு இழுப்பில் எலும்பு நுனி பட்டியிலிருந்து நழுவிவிடும். வீக்கம் தெரியாது. பிள்ளை அழுதுவிட்டு அந்தக் கையை மட்டும் தொங்கவிட்டபடி இருக்கும், தூக்காது. ஒன்றிலிருந்து நாலு வயது வரை இது அதிகம். டொக்டரிடம் கொண்டுபோனால் ஒரு நிமிஷத்தில் சரியான இடத்தில் இருத்திவிடுவார். சுளுக்கு எடுக்கிறவரிடம் கொண்டுபோய் முறுக்க வேண்டாம். முறிவாக இருந்தால் நிலைமை மோசமாகும். இனிமேல் பிள்ளையைத் தூக்கும்போது இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்குங்கள்.

சேண மூட்டும் வழுக்கு மூட்டும்

குதிரைமேல் போடும் சேணத்தில் ஆள் உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஆடலாம், இரண்டு பக்கமும் சாயலாம். பெருவிரலின் அடிமூட்டு அப்படிப்பட்டது. பெருவிரலை மற்ற நாலு விரலின் நுனியிலும் தொட்டுப் பாருங்கள். தொட முடிவது இந்த மூட்டினால்தான். கொழுந்து கிள்ளுவதும் கவ்வாத்துக் கத்தியை இறுக்கிப் பிடிப்பதும் இதன் உபகாரம். இந்த மூட்டு தேய்ந்தால் போத்தல் மூடியைத் திறக்கக்கூட வலிக்கும்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் கூழாங்கற்கள் போல இரண்டு வரிசையில் இருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி அசைவதால் இது வழுக்கு மூட்டு. பாதத்தில் 26 எலும்புகள். அங்கும் இப்படி வழுக்கும் மூட்டுகள் பல உண்டு. அதனால்தான் கல்லும் மேடும் உள்ள வழியில் பாதம் நிலத்துக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கிறது.

இராத்திரியில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் விறைத்து எழும்புகிறதா? கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. "இரத்தம் கெட்டுப்போச்சு" என்பது தவறு. சீக்கிரம் காட்டினால் பட்டி கட்டியே குணப்படுத்தலாம்.

கால் பிசகினால் முதல் இரண்டு நாள் தேய்க்காதீர்கள், சூடு வைக்காதீர்கள். காலுக்கு ஓய்வு கொடுத்து, பீலித் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். நாலு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எந்த வலியைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

வேலை செய்த களைப்பில் வந்து, ஓய்வெடுத்தால் குறைந்து, இரண்டு மூன்று நாளில் போகும் வலியைப் பற்றிப் பயமில்லை. பின்வருபவை அப்படியல்ல.

மூட்டு சிவந்து சூடாகி வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம். தாமதித்தால் சில நாளில் மூட்டு கெட்டுவிடும்.

பிள்ளைக்குத் தொண்டை நோவு வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று மூட்டு வீக்கம் மாறி மாறி வந்தால், அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வீக்கம் தானாகப் போய்விடும். ஆனால் இதயத்தின் வால்வு பழுதாகிவிடும். மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடச் சொன்னால், பிள்ளை நல்லா இருக்கிறது என்று நிறுத்தாதீர்கள்.

காலையில் எழும்பியதும் இரண்டு கை விரல்களும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இறுகியிருந்தால் அது வெறும் தேய்மானம் அல்ல. உடம்பின் காவல்படையே மூட்டைத் தாக்கும் வாதம் அது. ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் விரல் கோணாமல் காக்கலாம்.

கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போவது நம்மிடம் அதிகம். மாதக்கணக்கில் இப்படிப் போட்டால் குடல் புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். வலி என்பது மூட்டு அடிக்கும் மணி. மணியின் வாயைக் கட்டினால் நெருப்பு அணையாது.

மறைக்காமல் சொல்லுங்கள்

வேலைத்தலத்தில் விழுந்தாலோ மூட்டு பிசகினாலோ அன்றைக்கே கங்காணியிடமோ உத்தியோகத்தரிடமோ சொல்லி, டிஸ்பென்சரிப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். வேலையினால் காயப்பட்ட தொழிலாளிக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கிறது. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் பிறகு நிரூபிப்பது கஷ்டம். தலைவர்மாரும் இதை ஞாபகப்படுத்த வேண்டும்.

ஐந்து நிமிஷப் பயிற்சி

பெரட்டு முடிந்து மலைக்குப் போகுமுன் இதைச் செய்யலாம். மெதுவாக, வலிக்காத அளவுக்கு, ஒவ்வொன்றும் ஐந்து தடவை.

கழுத்து: மேலே, கீழே, இடது, வலது. வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.
தோள்: இரண்டு தோளையும் காது வரை உயர்த்தி இறக்குங்கள். பிறகு முன்னாகவும் பின்னாகவும் வட்டம் போடுங்கள்.
முன்கை: உள்ளங்கையை மேலே கீழே திருப்புங்கள்.
விரல்: இறுக்கிப் பொத்தி, பிறகு அகல விரியுங்கள். பெருவிரலால் மற்ற விரல்களைத் தொடுங்கள்.
இடுப்பு: கைகளை இடுப்பில் வைத்துப் பின்பக்கம் மெல்லச் சாயுங்கள். நாள் முழுக்க முன்னால் குனிகிறவர்களுக்கு இது மிக நல்லது.
முழங்கால்: ஒரு இடத்தில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள்.
கணுக்கால்: பாதத்தை மேலே கீழே ஆட்டுங்கள்.

சாப்பாட்டையும் மறக்கக் கூடாது. ரொட்டியும் சம்பலும் மட்டும் எலும்புக்குப் போதாது. நெத்தலிக் கருவாடு, குரக்கன், கீரை, பால், தயிர் என்று கிடைப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவாக

அந்த அக்காவின் கதைக்கு வருவோம். அவருக்குச் சீனி வருத்தம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. தோள் உறைந்திருந்தது. மருந்தோடு பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். சுவருக்குப் பக்கத்தில் நின்று விரல்களால் சுவரில் ஏறுவது, நாளுக்கு மூன்று முறை. லயத்துச் சுவரில் கை எட்டிய உயரத்தை மகள் கரியால் கோடு போட்டு வைத்தாள். முதல் மாதம் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகவே இருந்தன. பிறகு ஒரு விரல், இரண்டு விரல் என்று ஏறின. ஒரு வருஷத்துக்கும் கொஞ்சம் மேலாகியது. ஒரு நாள் தானே தலை சீவி, தானே கொண்டை போட்டுக்கொண்டு பெரட்டுக்கு வந்தார். "ஐயா, இப்ப கூடைக்கு எட்டுது" என்றார். பழைய அளவுக்கு முழுவதும் வரவில்லை. ஆனால் போதுமான அளவுக்கு வந்துவிட்டது.

அந்த நாலு மாதம் அவர் மறைத்தது பேர் போய்விடும் என்ற பயத்தில். மறைத்ததால் போனது அதைவிட அதிக நாள் பேர். நமக்குச் சொத்து என்று இருப்பது இந்தக் கையும் காலும்தான். எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரிந்து வேலை செய்வோம். மடங்க மறுத்தால் அன்றைக்கே சொல்வோம்.

இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள், வாசிக்க முடியாத அம்மாவுக்கும் அப்பாயிக்கும் இன்றைக்கு இராத்திரி சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கூடவே அந்த ஐந்து நிமிஷப் பயிற்சியையும் அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.